இப்போது எவ்வளவு?

அன்புள்ள ஐயா,

வணக்கம். உறக்கம் வராத இரவுகளைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கு 38 வயது. ஒன்பது மாதங்களுக்கு முன்பு எடையைக் குறைப்பதற்காக நடக்கத் தொடங்கினேன். அதற்காகவே ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். முதலில் எத்தனை அடி நடந்தேன் என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை சும்மா உட்கார்ந்திருந்தபோது கடிகாரம் அதிர்ந்தது. நான் ஓய்வில் இருக்கும்போதே இதயத் துடிப்பு 120-ஐத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை. கை கால் சில்லிட்டுவிட்டது. அன்றிரவே அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஓர் இதய மருத்துவர் எக்கோ, ட்ரெட்மில், துடிப்பை 24 மணி நேரம் விடாமல் பதிவுசெய்யும் ஹோல்டர் வரை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘ஒன்றுமில்லை, தைரியமாகப் போங்கள்’ என்றார்.

இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் பழையபடிதான். மாடி ஏறினால் பார்க்கிறேன். அலுவலகக் கூட்டத்தில் மேசைக்கு அடியில் கையைத் திருப்பிப் பார்க்கிறேன். 72 என்றால் நிம்மதி. 91 என்றால் வயிற்றைக் கலக்குகிறது. மறுபடி பார்த்தால் 104. தூக்கத்தில் 47 வரை இறங்கியிருப்பதைக் காலையில் பார்த்தால், நின்றே போய்விடுமோ என்று பயம். நடப்பதையும் விட்டுவிட்டேன்.

போன வாரம் என் ஆறு வயது மகள் விளையாடக் கூப்பிட வந்தாள். வந்தவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இப்போ எவ்ளோப்பா? ஓடலாமா?” என்று கேட்டாள். அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

கழற்றி எறியுங்கள் என்கிறாள் மனைவி. கழற்றினால் இன்னும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்வது?

- ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் மகளின் கேள்வி வரும் இடத்தில் நின்றுவிட்டேன்.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் இந்தப் பயத்துக்குள் ஏழெட்டு மாதம் இருந்தவன். நெருங்கிய நண்பர் ஒருவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் நானும் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேன். இருட்டில் போர்வைக்குள் மணிக்கட்டின் அடியில் பச்சை வெளிச்சம் விட்டு விட்டு எரியும், கவனித்திருப்பீர்கள். ஓர் இரவு, இரண்டரை மணி இருக்கும், விழித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். 78. இன்னொரு முறை பார்த்தேன். 86. கழுத்தில் இரண்டு விரலை வைத்து எண்ணத் தொடங்கினேன். 97. எழுந்து உட்காரவில்லை, புரளக்கூட இல்லை. சில நிமிடங்களில் 109. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே காரியம், பார்த்தது.

அது என் பலவீனம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1988-இல் ஆங்கே ஏலர்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். திடீர்ப் பீதி வரும் நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் அவரவர் இதயத் துடிப்பு என்று சொல்லி ஒரு சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். நடுவில் அந்தச் சத்தத்தைப் பொய்யாக வேகப்படுத்தினார்கள். அது தங்கள் துடிப்புதான் என்று நம்பிய பீதி நோயாளிகளுக்குப் பதற்றம் கூடியது. அதோடு நிற்கவில்லை. அவர்களுடைய உண்மையான துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. பொய்யான வேகம் நிஜமான வேகத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. உங்கள் 91 எப்படி 104 ஆனது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியாது. 91-ஐப் பார்த்தீர்கள், பயந்தீர்கள், பயம் அட்ரினலினைச் சுரக்க வைத்தது, இதயம் அதற்குக் கட்டுப்பட்டது. அது கெட்டுப்போன இதயம் செய்வதல்ல, சொன்ன பேச்சைக் கேட்கும் இதயம் செய்வது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெரிந்தபோது எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது. இதயத்துக்குள் தாளம் போடும் சிறிய இடம் ஒன்று உண்டு, சைனஸ் கணு. நரம்புகளின் பிடி எதுவும் இல்லாமல் தன் போக்கில் விட்டால், உங்கள் வயதில் அது ஏறக்குறைய நிமிடத்துக்கு 100 என்ற வேகத்தில்தான் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு எந்நேரமும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டிருப்பதால்தான் நமக்கு 70, 72 என்று காட்டுகிறது. எழுந்து நின்றால், பேசினால், சாப்பிட்டால், ஒரு மின்னஞ்சலைப் படித்து எரிச்சல்பட்டால் அந்தப் பிரேக் கொஞ்சம் தளரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது தளர்ந்து, வெளியே விடும்போது மீண்டும் அழுத்தும். ஆகவே ஒரே எண்ணில் நிற்பது இதயத்தின் இயல்பே இல்லை. ஆழ்ந்த தூக்கத்தில் பிரேக் நன்றாக அழுந்தியிருக்கும். ஆரோக்கியமானவர்களுக்கே அப்போது நாற்பதுகளுக்கு இறங்குவது சாதாரணம். 60 முதல் 100 என்று எல்லாரும் சொல்வது விழித்து ஓய்வாக இருப்பவருக்கான கணக்கு. உங்கள் 47-ஐ அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்து எத்தனை காலைகளைக் கெடுத்துக்கொண்டீர்களோ!

கடிகாரம் எண்ணும் விதத்தையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் கணக்கு. பட்டை தளர்ந்திருந்தால், கை குளிர்ந்திருந்தால், கையை ஆட்டினால் கணக்குத் தப்பும். நடக்கும்போது சில சமயம் அது இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணத் தொடங்கிவிடும். ஒருமுறை எனக்கு 128 காட்டியது. அப்படியே நின்று விரலால் எண்ணினேன், 92. அன்று உங்களுக்கு வந்த 120 எப்படிப்பட்டது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அதற்கான பரிசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன.

இந்தக் கடிகாரங்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 4,19,297 பேர் ஆப்பிள் வாட்ச் கட்டிக்கொண்டு கலந்துகொண்டார்கள். துடிப்பின் தாளம் ஒழுங்கில்லை என்ற எச்சரிக்கை வந்தது அவர்களில் 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில், ஆய்வாளர்கள் அனுப்பிய ஈசிஜி பட்டையை உடலில் ஒட்டிக்கொண்டு திருப்பி அனுப்பியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பது தெரிந்தது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடிய கோளாறு அது, முன்கூட்டித் தெரிவது நல்லதுதான். ஆனால் அந்த வேலையைக் கடிகாரம் தானாகவே, பின்னணியில் செய்கிறது. நீங்கள் மேசைக்கு அடியில் கையைத் திருப்பிப் பார்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2020-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த நோயாளியின் கதை இருக்கிறது. 70 வயதுப் பெண். அவருக்கு அவ்வப்போது வந்துபோகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உண்மையிலேயே இருந்தது. ஓராண்டில் தன் ஸ்மார்ட் வாட்சில் 916 முறை ஈசிஜி எடுத்திருக்கிறார். மருத்துவமனைக்கும் பல முறை போயிருக்கிறார். நிஜமான நோய் இருந்தவருக்கே அத்தனை அளவைகளும் நிம்மதியைத் தரவில்லை, பயம்தான் வளர்ந்தது.

இங்கேதான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 91-ம் 104-ம் உங்களைக் கெடுக்கின்றன என்று நினைக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை உங்களை அதிகம் கெடுப்பது அந்த 72. பார்க்கிறீர்கள், 72, ‘அப்பாடா’ என்று மனம் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் மனம் கமுக்கமாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: பார்த்ததால்தான் தப்பித்தேன். அடுத்த முறை பார்க்காமல் இருப்பது இன்னும் ஆபத்தாகத் தோன்றுகிறது. மருத்துவர் ‘ஒன்றுமில்லை’ என்றது இரண்டே நாளில் கரைந்துபோனதற்கும் இதுதான் காரணம். அவருடைய சொல்லையும் இன்னொரு 72-ஆக எடுத்துக்கொண்டீர்கள். மனைவியிடம் ‘எனக்கு ஒன்றும் ஆகாதுதானே?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் அதுவும் இதே வகைதான். அவர் உங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்திருப்பார், பாவம்.

ஆகவே எறிய வேண்டாம். பயத்தில் எறிந்தால் ஒரு வாரத்தில் இன்னொன்று வாங்குவீர்கள். நான் செய்தேன்.

இதய மருத்துவரிடம் ஒரே ஒரு முறை போங்கள். இதயம் நன்றாக இருக்கிறதா என்று மறுபடி கேட்காதீர்கள். ‘எதெல்லாம் வந்தால் நான் உங்களிடம் ஓடி வர வேண்டும்?’ என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மயங்கி விழுவது, நடக்கும்போது நெஞ்சை அழுத்தித் தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, சும்மா இருக்கும்போதே வாங்கும் மூச்சு, தலைசுற்றலோடு விடாமல் அடித்துக்கொள்ளும் நெஞ்சு, இவையெல்லாம் அதில் இருக்கும். இவற்றில் ஒன்று வந்தால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கழிக்காமல் கிளம்பிவிடுங்கள். 72 காட்டினாலும் கிளம்புங்கள். எச்சரிக்கை ஒலிகளில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை நிறுத்தலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

அப்புறம், கடிகார முகப்பிலிருந்து துடிப்பு எண்ணை எடுத்துவிடுங்கள். அடிக்கணக்கு இருக்கட்டும். இரவில் கழற்றி அடுத்த அறையில் வையுங்கள். பார்க்க வேண்டும் என்ற உந்துதல் வரும், தொண்டை வரைக்கும் வரும். அப்போது ‘பார்க்கவே மாட்டேன்’ என்று சபதம் போடாதீர்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன் என்று தள்ளிப்போடுங்கள். எனக்கு முதல் நாள் உள்ளங்கை வியர்த்து ஒழுகியது. பன்னிரண்டாவது நிமிடமோ என்னவோ, ஒரு தொலைபேசி அழைப்பில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பார்க்க மறந்துவிட்டதை அரை மணி நேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். அந்த அரை மணி நேரத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

1707-இல் ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர் நாடி பார்ப்பதற்கென்றே ஒரு கடிகாரத்தைப் பற்றி எழுதினார். அது சரியாக ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடும். எண்ணி முடித்தபின் அவர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும். நம் கையில் இருப்பது நிற்பதே இல்லை. நிறுத்துகிற வேலையை நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

நடப்பதை மீண்டும் தொடங்குங்கள். மருத்துவர் தைரியமாகப் போகச் சொல்லியிருக்கிறார், ட்ரெட்மில்லிலும் தேறியிருக்கிறீர்கள். 220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் உச்ச வரம்பு, அதைத் தாண்டக் கூடாது என்று எங்காவது படித்திருப்பீர்கள். அது 1971-இல் கிடைத்த தரவுகளை வைத்துப் போட்ட தோராயமான கணக்கு. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ இருப்பது சகஜம். நடக்கும்போது வாய்விட்டுப் பேச முடிகிறதா என்று பாருங்கள், அது போதும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மாதத்தில் பிடி தளரவில்லை என்றால் ஓர் உளவியல் நிபுணரைப் பாருங்கள். உடல்நலம் பற்றிய பயத்துக்கு, பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. நான் போனேன். முன்பே போயிருக்கலாம் என்று இப்போதும் வருத்தப்படுகிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மகள் மறுபடி வந்து கையைப் பிடித்து ‘இப்போ எவ்ளோப்பா?’ என்று கேட்டால், ‘தெரியலையேம்மா’ என்று உண்மையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவளோடு ஓடுங்கள். மூச்சு வாங்கும், நெஞ்சு படபடவென்று அடிக்கும், அவளுக்கும்தான் அடிக்கும். ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எண் எதுவும் எழுத வேண்டாம், அவளோடு என்ன விளையாடினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.