புல்பென் வழியாக மேஜர் லீக்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

டெக்ஸஸிலிருந்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கணினிப் பொறியியலில் மூன்றாம் ஆண்டை முடித்திருக்கும் உங்கள் மகனை, அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 ஜூலை டிராஃப்டின் பன்னிரண்டாம் சுற்றில் ஒரு மேஜர் லீக் பேஸ்பால் அணி தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒப்பமிடுவதற்கான சைனிங் போனஸாக 1,50,000 டாலர் தர முன்வந்துள்ள அந்த அணி, கல்லூரியில் ஆட்டத்தின் முதல் பந்தை வீசும் ஸ்டார்ட்டராக இருந்தவரை இனி இடையில் இறங்கும் ரிலீவராக ஆக்கப்போவதாகவும் சொல்லியிருக்கிறது. இது பதவி இறக்கம் இல்லையா, இதற்காகவா கைக்கெட்டிய பட்டத்தை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாத இறுதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதால் நேரடியாகவே எழுதுகிறேன்.

பதவி இறக்கம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு மேஜர் லீக் அணியின் 26 பேர் பட்டியலில் பந்து வீசும் பிட்சர்கள் அதிகபட்சம் 13 பேர். அவர்களில் ஸ்டார்ட்டர்கள் வழக்கமாக ஐவர், மற்ற எண்மரும் கை சூடேற்றும் இடமான புல்பென்னில் காத்திருக்கும் ரிலீவர்கள். 30 அணிகளுக்குமாகக் கணக்கிட்டால் ஸ்டார்ட்டருக்கு 150 இடங்களும் ரிலீவருக்கு 240 இடங்களும் வருகின்றன. அதோடு, ஒரே மட்டையாளரை இரண்டு மூன்று முறை சந்திக்க வேண்டிய ஸ்டார்ட்டருக்கு மூன்று நான்கு வகைப் பந்துகளாவது கைவசம் இருக்க வேண்டும். ஒரு இன்னிங்ஸுக்காக முழு வேகத்தில் வீசிவிட்டுப் போகும் ரிலீவருக்கு நல்ல பந்து இரண்டு இருந்தாலே பிழைப்பு ஓடும். 652 சேவ்களுடன், அதாவது அணியின் சிறிய முன்னிலையைக் கடைசிவரை காத்துக்கொடுத்த ஆட்டங்களுடன், 2019-இல் வாக்களித்த அனைவரின் ஆதரவோடும் பேஸ்பாலின் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ரிலீவர் மரியானோ ரிவேராகூட, 1995-இல் ஸ்டார்ட்டராகத்தான் அறிமுகமானார். ஆனால் ஒரு எச்சரிக்கை. தம்பி இடக்கைப் பிட்சர் என்று எழுதியிருந்தீர்கள். இடக்கை மட்டையாளர் ஒருவரை மட்டும் வீழ்த்திவிட்டுத் திரும்பும் வேலை முன்பு இருந்தது. குறைந்தது மூன்று மட்டையாளர்களைச் சந்திக்க வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸை முடிக்க வேண்டும் என்ற விதி 2020-இல் வந்தபின் அந்த வேலை போய்விட்டது. ஆகவே வலக்கை மட்டையாளரையும் ஏமாற்றும் ஒரு பந்தை, வேகப்பந்துபோல் தோன்றி மெதுவாக வரும் சேஞ்சப் போன்ற ஒன்றை, முதல் ஆண்டிலேயே அவர் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி, மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகின் படிகள். கீழிருந்து மேலாக, பயிற்சி வளாக லீக், சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்பது வரிசை. 2023-இல் கையெழுத்தான மைனர் லீக் ஆட்டக்காரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம், ஆண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளமாகச் சிங்கிள்-ஏவுக்கு 26,200 டாலரும், டபுள்-ஏவுக்கு 30,250 டாலரும், டிரிபிள்-ஏவுக்கு 35,800 டாலரும் நிர்ணயித்தது. தங்குமிடம் அணியின் பொறுப்பு. உடன் படித்தவர்கள் மென்பொருள் நிறுவனங்களில் வாங்கும் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது; போனஸ் பணத்தில் வரியும் முகவர் கட்டணமும் போக மிஞ்சுவதை அந்த ஆண்டுகளுக்கான பிடிமானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஏறுவதுபோல் ஆண்டுக்கொரு படி ஏறும் கணக்கு இங்கே செல்லாது. உண்மையான வாசல் டிரிபிள்-ஏ அன்று. மேலே சொன்ன 26 பேரையும் உள்ளடக்கிய, அணியின் 40 பேர் பட்டியல்தான். அதில் பெயர் இல்லாத எவரும் மேஜர் லீக் ஆட்டத்தில் இறங்க முடியாது. இருபத்தொரு வயதில் 2025-இல் ஒப்பமிடும் ஒருவரை, 2028 நவம்பருக்குள் அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு எந்த அணியும் 1,00,000 டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த சீசன் முழுவதும் அவரை மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் பழைய அணியிடம் திருப்பித் தர முன்வர வேண்டும். நான்காம் ஆண்டின் அந்த நவம்பரைத்தான் குடும்பமாக உட்கார்ந்து பேசும் நாளாக உங்களுக்குச் சொல்வேன். தம் அணி சேர்க்கவில்லை, பிற அணிகளும் கை நீட்டவில்லை என்றால், அவரைப் பற்றிச் சந்தை என்ன நினைக்கிறது என்பது டிசம்பருக்குள் தெரிந்துவிடும்.

பட்டியலில் சேர்ந்த பிறகும் நிம்மதி உடனே வந்துவிடாது. மூன்று சீசன்கள் வரை, ஒவ்வொன்றிலும் ஐந்து முறை வரை, அவரை மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பும் உரிமை அணிக்கு உண்டு. இதை ஆப்ஷன் என்பார்கள். பெற்றோருக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் இந்த இடம்தான். முதல் நாள் இரவு இரண்டு இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசியிருப்பார். மறுநாள் காலை அவரைக் கீழே அனுப்பிய செய்தி வரும். "நன்றாகத்தானே வீசினான், என்ன தப்பு செய்தான்?" என்று நீங்கள் பதறுவீர்கள். தப்பு ஒன்றுமில்லை. இரண்டு இன்னிங்ஸ் வீசிய கை அடுத்த இரண்டு நாளுக்கு உதவாது, அணிக்கு அன்றிரவே களைக்காத இன்னொரு கை வேண்டும், ஆப்ஷன் மிச்சமிருப்பவர் அவர்தான், அவ்வளவே காரணம். அப்படிப் போனவர், காயமடைந்த ஒருவருக்குப் பதிலாக அழைக்கப்பட்டாலன்றி, 15 நாள் திரும்ப முடியாது. முழுவதும் கழற்றிவிடப்பட்டவர்களும் எழுந்து வந்ததுண்டு: ஆஸ்திரேலியரான லியம் ஹெண்ட்ரிக்ஸை 2018-இல் ஓக்லண்ட் அணி பட்டியலிலிருந்து நீக்கியபோது எந்த அணியும் எடுக்கவில்லை, அடுத்த ஆண்டே அவர் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்.

முதல் அழைப்பு வரும்போது அதன் பொருளாதாரம் வேறு. 2026-இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,80,000 டாலர்; அதாவது பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 4,000 டாலருக்கு மேல். மேஜர் லீக் பட்டியலில் இருந்த நாட்கள் 43-ஐ எட்டினால் ஓய்வூதியத் தகுதியும் கிடைக்கிறது.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் கடமையில் தவறியவன் ஆவேன். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால், 1974-இல் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்த டாமி ஜான் அறுவைச் சிகிச்சைதான் வழக்கமான வழி. மீள்வதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். இணையத்தில் மகனின் ஆட்டக் கணக்கைப் பார்த்துவிட்டு "இன்று வீசவில்லை, ஓய்வு" என்று எண்ணாதீர்கள். புல்பென் தொலைபேசி மணி அடித்தால் அவர் எழுந்து இருபது பந்துகள் வீசிச் சூடேற்றுவார். அதற்குள் நிலைமை மாறி உட்காரச் சொல்லிவிடுவார்கள். ஓர் இன்னிங்ஸ் கழித்து மறுபடி மணி அடிக்கும். அந்த நாற்பது பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது, முழங்கையில் ஏறும். தொலைபேசியில் பேசும்போது எத்தனை முறை எழுந்தாய் என்று கேளுங்கள்.

நம்மவர் யாரேனும் போயிருக்கிறார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், 2008-இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியில் ஒப்பமிட்டு, உங்கள் மகனைப்போல் இடக்கை ரிலீவராகச் சிங்கிள்-ஏ வரை ஏறினார். பின்னர் காயங்கள் தொடர்ந்ததால் மேஜர் லீகைப் பார்க்கவில்லை. இந்திய வம்சாவளித் தாய்க்குப் பிறந்த குமார் ராக்கர், 2021-இல் தேர்ந்தெடுத்த அணி ஒப்பந்தம் செய்யாமல் விட, 2023-இல் டாமி ஜான் சிகிச்சையும் செய்துகொண்டு, 2024 செப்டம்பரில் டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அணியில் ஸ்டார்ட்டராக அறிமுகமானார்.

என் கருத்து, ஒப்பமிடலாம் என்பதே. ஆனால் பட்டப்படிப்பை ஒப்பந்தத்துக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு. மேஜர் லீகின் கல்லூரி உதவித்தொகைத் திட்டப்படி, மீதமுள்ள செமஸ்டர்களின் செலவை அணி ஏற்கும்படி ஒப்பந்தத்தில் எழுதிவாங்க முடியும். வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். எத்தனை செமஸ்டர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை டாலர் என்பவை எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்றைய கட்டணத்தை எழுதாமல், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து இருக்கக்கூடிய கட்டணத்தை மதிப்பிட்டுக் கேளுங்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்தப் பணம் கிடைக்காது என்பதைத் தம்பியிடமும் சொல்லி வையுங்கள். கல்லூரியில் இப்போதே விடுப்புக் கடிதம் கொடுத்து, இதுவரை பெற்ற கிரெடிட்டுகள் எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இரண்டின் நகலையும் முகவரிடம் காட்டிய பிறகு அவர் பேனாவை எடுக்கட்டும்.