ஆணிப் பெட்டி வேண்டாம், எழுத்தரை மேடையேற்றுங்கள்

கேள்வி: இடைக்காலத் திருச்சபை நீதிமன்றம் பற்றிக் கல்லூரி விழாவுக்கு நாடகம் எழுதுகிறேன். உள்ளே ஆணி வைத்த 'இரும்புக் கன்னி' பெட்டியைச் செய்யத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிரியார்களே சித்திரவதை செய்தார்களா? காட்சியை எப்படி அமைக்கலாம்?

பதில்: முதலில் தச்சரிடம் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி இடைக்காலத்தில் இருந்ததே இல்லை; 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிளம்பிய கதை அது. கயிறும் ராட்டினமும் போதும். கைகளைப் பின்னால் கட்டி, அந்தக் கட்டிலேயே கயிறு மாட்டி ஆளை மேலே இழுப்பார்கள். தோள்மூட்டு கழன்றுவிடும்.

மதவிரோதக் குற்றத்தை நிரூபிக்க இரண்டு நேரடிச் சாட்சிகள் வேண்டும், அல்லது வாக்குமூலம் வேண்டும். மனசுக்குள் இருக்கும் நம்பிக்கைக்குச் சாட்சி எங்கே கிடைக்கும்? அதனால் வாக்குமூலம்தான் வழி. 1252-ல் போப் நான்காம் இன்னொசென்ட் சித்திரவதைக்கு அனுமதி தந்தார். உறுப்பு போகக்கூடாது, உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பது நிபந்தனை. முதலில் அது நகர அதிகாரிகளின் வேலையாக இருந்தது. 1256-க்குப் பிறகு விசாரணைத் துறவிகளும் அதில் ஈடுபட்டு, அந்தக் குற்றத்துக்கு ஒருவருக்கொருவர் மன்னிப்பு வழங்கிக்கொள்ள வழி பிறந்தது.

அப்புறம் நடப்பதுதான் என்னை உலுக்குகிறது. வலியில் சொன்னதை அந்த இடத்தைவிட்டு வெளியே கொண்டுவந்து, திரும்பச் சொல்ல வைப்பார்கள். எழுத்தர் 'தானாக முன்வந்து சொன்னார்' என்று பதிவு செய்வார். மறுத்தால்? மறுபடி சித்திரவதை செய்ய விதியில் இடமில்லை. அதனால் அதற்கு 'முந்தையதன் தொடர்ச்சி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

1309 நவம்பரில் பாரிஸில், பொன்சார் தெ ஜிசி என்ற டெம்ப்ளர் வீரர் (மதவிரோதக் குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்தவப் போர்த்துறவியர் சபையைச் சேர்ந்தவர்) போப் அமைத்த விசாரணைக் குழுவின் முன் நின்றார். நகங்களில் ரத்தம் கட்டும் அளவுக்குக் கைகளை இறுக்கிக் கட்டிக் குழியில் போட்டார்கள் என்றார். இன்னொரு முறை அப்படிச் செய்தால் இப்போது சொல்வதையெல்லாம் மறுத்துவிட்டு, யார் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னார்.

உங்கள் மேடைக்கு நான் தேர்ந்தெடுப்பது 1431 மே 9, ரூவான் கோட்டை. ஆங்கிலேயரை எதிர்த்துப் பிரெஞ்சுப் படையோடு போரிட்டு, மதவிரோத வழக்கில் சிக்கிய இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க் முன்னால் சித்திரவதைக் கருவிகளைக் காட்டினார்கள். 'என் கைகால்களைப் பிய்த்தாலும் வேறு எதுவும் சொல்லமாட்டேன். சொன்னாலும் நீங்கள் வலுக்கட்டாயமாகச் சொல்ல வைத்தீர்கள் என்று பிறகு சொல்வேன்' என்றாள். மூன்று நாள் கழித்து நீதிமன்ற ஆலோசகர்களிடம் கருத்துக் கேட்டபோது மூன்று பேர்தான் சித்திரவதை வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்றவர்களில் ஒருவர் சொன்ன காரணம், இவ்வளவு நன்றாக நடத்திய வழக்குக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்பது. அந்த வரியை அப்படியே வசனமாக வையுங்கள். கருவிகள் தொடாமலே கிடக்கட்டும். எழுத்தரின் இறகுப் பேனா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.