அவதாருக்கு ஆடை: கேட்டவையும் சொன்னவையும்

செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில், அங்கே நம் உருவமாக உலாவும் அவதாரின் ஆடை, அணிகலன், தோற்றம் பற்றி வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கடைப் படத்தில் அவ்வளவு அழகாக இருந்த மேற்சட்டை, நான் போட்டதும் தோளில் பிதுங்குகிறது, இடுப்பில் இடைவெளி விட்டு நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. வேறு ஓர் உடலுக்குத் தைத்ததை நீங்கள் போட்டிருக்கிறீர்கள். 2011இல் மெஷ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு வந்த பிறகு ஆடை என்பது உடலின் மேல் பூசிய படமாக இல்லாமல் தனி வடிவமாகிவிட்டது. உடல்களையும் பலர் தனித்தனியாகச் செய்து விற்கிறார்கள். மெய்ட்ரேயா லாரா என்ற உடலுக்கு அளவெடுத்த சட்டை லெகசி உடலில் சரியாக உட்காராது. ரீபார்ன் உடலின் இடுப்பு வளைவே வேறு. பெட்டியைப் பிரித்தால் ஐந்தாறு உடல்களின் பெயரில் ஒரே சட்டை இருக்கும். உங்கள் உடலின் பெயர் உள்ளதை மட்டும் அணியுங்கள். அந்தப் பெயரே பெட்டியில் இல்லையென்றால் அந்தச் சட்டை உங்களுக்கானது அல்ல.

டெமோ எனப்படும் மாதிரிப் பிரதியைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். டெமோவை அணிந்துகொண்டு நின்று மட்டும் பார்த்தால் போதாது. நடங்கள், உட்காருங்கள், கையைத் தூக்கும் அசைவு ஒன்றைப் போடுங்கள். அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் தெரியாத குறை வேறெங்கும் பெரும்பாலும் இருக்காது.

கேள்வி: புதிதாக வந்திருக்கிறேன். எந்த உடலை வாங்கலாம்?

முதல் வாரத்திலேயே வாங்காதீர்கள். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனமே 2023இல் வெளியிட்ட சென்ரா உடல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் பழகுங்கள். இதற்கிடையில் உங்களுக்குப் பிடித்த ஆடைகளைச் செய்பவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் எந்த உடலுக்குத் தைக்கிறார்களோ அதுவே உங்கள் உடல். உடலை முதலில் வாங்கிவிட்டு அதற்கு ஆடை தேடுகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

கேள்வி: சரியான அளவைத்தான் போட்டிருக்கிறேன். ஆனாலும் முட்டி மடங்கும்போது கால்சட்டையைத் துளைத்துக்கொண்டு தோல் தெரிகிறது.

இங்கேதான் ஆல்ஃபா தேவை. ஆடைக்கு அடியில் உள்ள உடலை மறைத்துவிடுவதுதான் அதன் வேலை. அதற்கு இரண்டு வழிகள். உடலோடு வரும் ஹட் என்ற திரைக் கட்டுப்பாட்டுப் பலகையில் உடல் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; தொடையைத் தொட்டால் தொடை மறையும். இது விரைவான வழி. ஆனால் துண்டின் ஓரமும் ஆடையின் ஓரமும் ஒத்துப்போகாவிட்டால் கணுக்காலுக்கு மேல் ஒரு வெற்றிடம் தெரியும். இரண்டாவது வழி ஆல்ஃபா லேயர். ஆடையின் விளிம்பை ஒட்டி நுணுக்கமாக வரைந்த மறைப்பு அது. 2019இல் பேக்ஸ் ஆன் மெஷ் என்ற வசதி வந்த பிறகு இந்த லேயர்கள் மெஷ் உடலிலும் வேலை செய்கின்றன. ஆடையோடு ஆல்ஃபா லேயர் சேர்ந்து வந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டும் போதவில்லை என்றால் ஷேப்பை, அதாவது உடலின் அளவுகளைத் தீர்மானிக்கும் அமைப்பை, பாருங்கள். 2014இல் ஃபிட்டட் மெஷ் வந்ததிலிருந்து ஆடை உங்கள் உடல் அளவை மாற்றும் ஸ்லைடர்களோடு விரிந்து சுருங்குகிறது. ஆனால் பூஜ்யத்திலிருந்து நூறு வரை உள்ள அளவுகோலின் இரு கோடிகளிலும் எந்தத் தையல்காரராலும் சமாளிக்க முடியாது. இடுப்பு ஸ்லைடரை நூறில் வைத்துக்கொண்டு ஆடையைக் குறை சொல்வது நியாயமில்லை.

கேள்வி: நீளப் பாவாடை போட்டு உட்கார்ந்தால் கால்கள் வெளியே வந்துவிடுகின்றன. இதற்கும் ஆல்ஃபாதானா?

பாதிதான். மெஷ் பாவாடையில் துணி என்பதே கிடையாது. அது கால் எலும்புகளோடு கட்டப்பட்ட வடிவம். வலது கால் போனால் பாவாடையின் வலப்பாதி கூடவே போகும். அதனால்தான் நடக்கும்போது நடுவில் குழி விழுந்து, பாவாடை கால்சட்டை போல் தெரிகிறது. பழைய ஃபிளெக்ஸி பாவாடைகள் காற்றில் ஆடும், நடையில் அலையும். ஆனால் கால் எங்கே இருக்கிறதென்று அவற்றுக்குத் தெரியாது. நாற்காலியை ஊடுருவிக்கொண்டு தொங்கும்.

நான் செய்வது இது: நீளப் பாவாடை அணியும் நாளில் கால்களை முழுவதும் மறைத்துவிட்டுப் பாதத்தை மட்டும் விடுவேன். நடையையும் மாற்றுவேன். அகலக் கால் வைத்து நடக்கும் அசைவு எந்தப் பாவாடையையும் கெடுக்கும். குறுகலாக அடி வைக்கும் ஒரு நடை, கால்களைச் சேர்த்து உட்காரும் ஓர் அமர்வு: இவை கைவசம் இருந்தால் சுமாரான பாவாடைகூட நன்றாக விழும். ஆடைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அசைவுகளுக்கு ஒதுக்குங்கள் என்று யாரும் புதியவர்களிடம் சொல்வதில்லை; நான் சொல்கிறேன்.

கேள்வி: காதணி போட்டால் தலைமுடி கழன்றுவிடுகிறது.

இரண்டும் ஒரே பொருத்துமிடத்தைக் கேட்கின்றன. மெனுவில் "வேர்" என்பதை அழுத்தினால் அங்கே இருப்பது கழன்று புதியது ஏறும். "ஆட்" என்பதை அழுத்தினால் இரண்டும் இருக்கும். மொத்தம் 38 பொருள்கள் வரை பொருத்தலாம். உள்ளாடை, பச்சை குத்தல், ஒப்பனை போன்று உடலின் மேல் படமாகப் படியும் லேயர்களுக்குத் தனிக் கணக்கு. அவை 60 வரை.

கேள்வி: அலங்காரத் தொகுப்பு ஒன்றை அழித்துவிட்டேன். உள்ளே இருந்த ஆடைகளும் போய்விட்டனவா?

இல்லை. தொகுப்புக்குள் இருப்பவை இணைப்புகள் மட்டுமே. அசல்கள் உங்கள் பொருள் இருப்பான இன்வென்டரியில் இருக்கின்றன. அசலை அழித்தால்தான் தொகுப்புகள் உடையும். அழித்தது குப்பைத் தொட்டியில் இருக்கும் வரை மீட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: வாங்கிய ஆடையின் நிறத்தை நானே மாற்ற முடியுமா? எல்லா நிறங்களும் அடங்கிய தொகுப்பு விலை மிக அதிகம்.

எனக்குப் பிடித்த கேள்வி. வாங்குமுன் அனுமதி வரியைப் படியுங்கள். நகலெடுக்கலாமா, திருத்தலாமா, பிறருக்குக் கொடுக்கலாமா என்று மூன்று அனுமதிகள் உண்டு. திருத்தும் அனுமதி இருந்தால் நீங்கள் பாதித் தையல்காரர். பொருளை அணிந்து, திருத்தும் பெட்டியைத் திறந்து, அதன் ஒரு பரப்பை மட்டும் தேர்ந்தெடுத்தால் பொத்தானுக்கு ஒரு நிறம், காலருக்கு வேறு நிறம் கொடுக்கலாம். ஒரு கணக்கை மட்டும் மறக்காதீர்கள்: நீங்கள் கொடுக்கும் நிறம் ஏற்கெனவே உள்ள படத்தின் மேல் பெருக்கப்படுகிறது. அதனால் வெள்ளையை எந்த நிறமாகவும் ஆக்கலாம். கறுப்பை எதுவாகவும் ஆக்க முடியாது. ஒரே நிறம்தான் வாங்க முடியும் என்றால் வெள்ளையை வாங்குங்கள், அல்லது வெளிறிய சாம்பலை.

2023இன் இறுதியில் பிபிஆர் என்ற புதிய மேற்பரப்பு முறை வந்த பிறகு ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. புதிய ஆடைகள் பலவற்றில் பழைய முறை மேற்பரப்பு ஒன்றும் பிபிஆர் மேற்பரப்பு ஒன்றும் இருக்கும். பழைய முறைப் பகுதியில் மட்டும் நிறத்தை மாற்றினால், செகண்ட் லைஃபைப் பார்க்கும் மென்பொருளான வியூவரின் பழைய பதிப்பை வைத்திருப்பவர் சிவப்புச் சட்டையைப் பார்ப்பார், புதிய வியூவர்காரர் வெள்ளையைப் பார்ப்பார். இரண்டு இடத்திலும் மாற்றுங்கள்.

நகலெடுக்க முடிந்தால் முதலில் ஒரு நகலை ஒதுக்கி வையுங்கள். முடியாத பொருளில் சோதனை செய்யாதீர்கள். திருத்த அனுமதியே தராத கடைகளும் உண்டு. அவர்கள் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அங்கே வாங்குவதில்லை.

கேள்வி: போட்டு அலுத்துப்போன ஆடைகளைத் தோழிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கும் அனுமதி இருந்தால் மட்டும். நகலெடுக்க முடிகிற ஆடைகளில் அது பெரும்பாலும் இருக்காது. காசு போட்டால் எந்தப் பொருள் வரும் என்று தெரியாத கச்சா இயந்திரங்களில் கிடைத்த பழைய பொருள்களைக் கைமாற்ற முடியும்; அந்த இயந்திரங்கள் 2021இல் தடைசெய்யப்பட்டுவிட்டன.

கேள்வி: அண்மையில் ஒரு விருந்துக்குப் போனேன். நான் ஒரே நிறப் பொம்மையாகத் தெரிகிறேன் என்றார்கள். அவமானமாக இருந்தது.

அவமானம் ஒன்றுமில்லை, தம்பி. 2016இலிருந்து ஒவ்வொருவரும் தம் கணினியின் வலிமைக்கு ஏற்ப ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். உங்கள் அலங்காரத்தின் சிக்கல் எண், அதாவது அதைத் திரையில் வரைவதன் சுமையைக் காட்டும் எண், அந்த வரம்பைத் தாண்டினால் அவர்கள் திரையில் நீங்கள் பொம்மைதான். வியூவர் அந்த எண்ணைக் காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள். குற்றவாளி பெரும்பாலும் ஆடையாக இருக்காது. அடர்ந்த தலைமுடியோ, கண்ணுக்கே தெரியாத கல் பதித்த மோதிரமோதான். அரிசி அளவு கல்லுக்கு வடிவத்தை உருவாக்கும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களைச் செலவழிக்கும் நகைக்காரர்களை என்ன சொல்வது!

இன்னொன்று, ஸ்கிரிப்டுகள் எனப்படும் சிறு நிரல்கள். தலைமுடியின் அளவை மாற்ற உள்ளே வைத்திருக்கும் ஸ்கிரிப்டுகள் அளவைச் சரிசெய்த பின் தேவையில்லை. நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, அணிந்திருப்பதில் அவற்றை நீக்கிவிடுங்கள். இது சிக்கல் எண்ணைக் குறைக்காது; நீங்கள் நிற்கும் இடத்தின் பாரத்தைக் குறைக்கும்.

கேள்வி: மெல்லிய துணிக்குப் பின்னால் என் தலைமுடி காணாமல் போகிறது.

ஒளி ஊடுருவும் இரண்டு பரப்புகளில் எது முன்னால், எது பின்னால் என்று வியூவர் குழம்புகிறது. திருத்தும் அனுமதி இருந்தால் தலைமுடியின் ஆல்ஃபா முறையை, அதாவது ஒளி ஊடுருவும் விதத்தை, கலப்பிலிருந்து மறைப்புக்கு மாற்றுங்கள். முடிநுனி கொஞ்சம் முரடாகத் தெரியும். தலைமுடியே இல்லாததற்கு அது மேல்.

கேள்வி: குதிகால் உயர்ந்த செருப்பு தரைக்குள் புதைகிறது.

முதலில் ஹட்டில் பாதத்தைச் சரியான உயரத்துக்கு மாற்றுங்கள். பிறகும் புதைந்தால் அவதாரைத் தரையிலிருந்து உயர்த்தும் மிதப்பு உயரத்தைச் சிறிது ஏற்றுங்கள். 

கேள்வி: கடையில் ஒரு நிறம், வீட்டில் வேறு நிறம். ஏன்?

இடத்துக்கு இடம் ஒளி வேறு. வாங்குமுன் நடுப்பகல் ஒளிக்கு மாற்றிப் பாருங்கள். முகத்துக்கும் உடலுக்கும் இடையில் கழுத்தில் கோடு தெரிகிறது என்று எழுதியிருந்தவர்களுக்கும் இதே பதில். அந்த ஒளியிலும் கோடு தெரிந்தால், முகத்தின் ஸ்கின் எனப்படும் தோல் படத்தைச் செய்தவரே தரும் உடல் தோலைத் தேடுங்கள்.

கேள்வி: நானே ஆடை செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

மெஷ்ஷில் தொடங்காதீர்கள். லேயர் ஆடையில் தொடங்குங்கள்: காலுறை, ஒட்டிய மேலாடை, பச்சை குத்தல். உடலின் படம் தலை, மேலுடல், கீழுடல் என்று மூன்று பகுதிகளாக விரிந்திருக்கும். எந்த வரைகலை மென்பொருளிலும் அந்த அச்சின் மேல் வரையலாம். சிரமமெல்லாம் ஓரங்களில்தான்: முன்பக்கக் கோடு விலாவில் பின்பக்கக் கோட்டைச் சந்திக்க வேண்டும், மேலாடையின் விளிம்பு இடுப்பில் அறுபடாமல் தொடர வேண்டும். படத்தை ஏற்றப் பொதுவாக 10 லிண்டன் டாலர் கட்டணம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதைக் கட்டாதீர்கள். கணினியில் உள்ள படத்தை உள்ளூர் டெக்ஸ்சராகச் சேர்த்தால், வரைபடத்தைச் சேமிக்கும்தோறும் உங்கள் அவதாரில் தானாக மாறும். அது உங்களுக்கு மட்டுமே தெரியும். மனத்துக்குப் பிடித்த பிறகு ஏற்றுங்கள்.

கேள்வி: இவ்வளவு அலங்காரமும் செய்துவிட்டு உள்ளே நுழைந்தால் வெறும் மேகமாகத்தான் தெரிகிறேன்.

ஓரிரு நிமிடம் பொறுங்கள். பிறகும் மேகம்தான் என்றால் கண்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் இன்வென்டரியின் நூலகத்தில் உள்ள ஆயத்த அவதார் ஒன்றை முழுவதும் அணிந்து, உருவம் தெரிந்த பின் உங்கள் தொகுப்புக்குத் திரும்புங்கள்.