மழை, ஆறு பிட்சர்கள், ஒரு நோட்டு: என் கற்பனை லீக் பற்றிய கேள்வி பதில்

தென்கிழக்கு ஆசியாவில் ஒரு தொழில்முறை பேஸ்பால் லீக் இருந்தால் எப்படி இருக்கும் என்ற யோசனையில், கட்டம் போட்ட நோட்டில் பகடை உருட்டியே ஒரு முழு சீசனை ஆடி முடித்தேன். மணிலா, பிலிப்பைன்ஸின் இன்னொரு நகரமான செபு, பாங்காக், ஜகார்த்தா, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஆறு அணிகள், அணிக்கு 60 ஆட்டம். முடிவுப் பட்டியலைப் பார்த்த நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பாங்காக் 37 ஆட்டம் ஜெயித்திருக்கிறது, மணிலா 36 தான். அப்புறம் எப்படி மணிலா முதலிடம்? இது அநியாயம் இல்லையா?

எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான், முதலில் இதை முடித்துவிடுகிறேன். மணிலாவின் இரண்டு ஆட்டங்கள் கோலாலம்பூரில் மழையில் போயின, மறுபடி நடத்த நாள் இல்லை. அதனால் மணிலா 58 ஆட்டத்தில் 36 வெற்றி, 22 தோல்வி. பாங்காக் 60 ஆட்டத்தில் 37 வெற்றி, 23 தோல்வி. பேஸ்பாலில் புள்ளி கிடையாது, வெற்றி விகிதம்தான் கணக்கு. 36-ஐ 58-ஆல் வகுத்தால் 0.621, 37-ஐ 60-ஆல் வகுத்தால் 0.617. இதில் வேடிக்கை என்னவென்றால், ‘எத்தனை ஆட்டம் பின்தங்கியிருக்கிறது’ என்று போடுவார்களே, அந்தக் கணக்கில் இரண்டு அணிக்கும் இடைவெளி பூஜ்யம். வெற்றியில் பாங்காக் ஒன்று கூட, தோல்வியிலும் ஒன்று கூட, இரண்டும் அடிபட்டுப் போகிறது. ஆனாலும் விகிதத்தில் மணிலா மேலே. விதி விதிதான் என்று மணிலாவுக்குக் கொடுத்தேன். பாங்காக் ரசிகனாக இருந்தால் எனக்கும் வயிறு எரிந்திருக்கும்.

கேள்வி: சீசன் ஏன் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே இரண்டாவது வாரத்தில் முடிகிறது? அமெரிக்காவில் மாதிரி ஆறு மாதம் வைக்கலாமே?

வைக்கலாம், வானம் விட்டால். வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் அதிக நேரம் மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான். மணிலாவில் டிசம்பர் முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் பிறந்தால் மழையும் புயலும். பாங்காக்கில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. ஜகார்த்தா இதற்கு நேர்மாறு, அங்கே ஜனவரி, பிப்ரவரியில்தான் கொட்டித் தீர்க்கும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மழைக்காலம் என்று தனியாக ஒன்றைச் சொல்லவே முடியாது, ஏப்ரல் மாதச் சாயங்காலங்களில் இடியும் மின்னலும் சர்வசாதாரணம். ஆறு ஊருக்கும் ஒரேயடியாக ஒத்துவரும் மாதம் ஒன்றுகூட இல்லை. அதனால் கோலாலம்பூரின் சொந்த மைதான ஆட்டங்களை முடிந்தவரை முன்னால் தள்ளி, ஜகார்த்தாவினுடையதைப் பின்னால் வைத்தேன். அப்படியும் கோலாலம்பூருக்கு ஒரு வாரம் ஏப்ரல் கடைசியில் மாட்டியது, மணிலாவின் இரண்டு ஆட்டம் போனது அந்த வாரத்தில்தான்.

மழை மட்டும் இல்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்தில் சொங்கிரான், ஊரே தண்ணீர் தெளித்து விளையாடும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் பிலிப்பைன்ஸ் கிட்டத்தட்ட கதவடைத்துவிடும், அந்த ஒரு வாரம் லீக்குக்கே விடுமுறை விட்டேன். ரமலான் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஜகார்த்தா, கோலாலம்பூர் அட்டவணையை ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். நோன்பு மாதத்தில் அங்கே ஆடினால் நோன்பு திறந்து, தொழுகையும் முடிந்த பிறகுதான் முதல் பந்து.

கேள்வி: ஒரே அணியோடு ஒரே ஊரில் ஆறு நாள் தொடர்ந்து ஆடுவது சலிப்பாக இருக்காதா?

கொஞ்சம் இருக்கும். ஆனால் இங்கே ஒவ்வொரு பயணமும் விமானம். மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை ஊர் மாறினால் பத்து வாரத்தில் அணிகள் துவண்டுவிடும், காசும் கரைந்துவிடும். அமெரிக்காவின் மைனர் லீக்குகள், அதாவது உச்ச லீக்குக்குக் கீழ்நிலை லீக்குகள், 2021-லிருந்து செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு ஆட்டம், திங்கள் ஓய்வு என்று மாற்றிக்கொண்டன. அதையே எடுத்துக்கொண்டேன். ஐந்து எதிரணி, ஒவ்வொன்றோடும் சொந்த ஊரில் ஒரு வாரம், அவர்கள் ஊரில் ஒரு வாரம், மொத்தம் பத்து வாரம், அறுபது ஆட்டம். கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது.

இதில் இன்னொரு நன்மை, ஆறு ஆட்டத்துக்கு ஆறு தொடக்க பிட்சர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்து வீச்சாளர்கள். அமெரிக்காவில் ஐந்து பேரைச் சுழற்றுவார்கள், ஜப்பானில் ஒரு தொடக்க பிட்சர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு தடவைதான் வீசுவார். பாங்காக்கின் ஏப்ரல் வெயிலில் நூறு பந்து வீசியவனுக்கு ஆறு நாள் ஓய்வு கொடுப்பதுதான் மனிதத்தன்மை. இந்த ஒழுங்கைக் குலைப்பதும் மழைதான். இரண்டு இன்னிங்ஸ் வீசி முடித்ததும் மழை வந்து ஆட்டம் ஒரு மணி நேரம் நின்றுவிட்டால், தோள் சூடு ஆறிப்போன பிட்சரை மறுபடி இறக்க எந்தப் பயிற்சியாளரும் துணிய மாட்டார். என் நோட்டின் 41-ஆம் பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிங்கப்பூரில் நடந்த ஒரு ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸ் கட்டத்தில் பேனாவால் குறுக்கே கோடு கிழித்து ‘தார்பாய்’ என்று எழுதியிருப்பேன். அதற்குக் கீழே செபுவின் பெயர்ப்பட்டியலில் ஐந்து பிட்சர்கள் வரிசையாக. அடுத்த நான்கு நாளும் அந்த அணிக்கு வீச ஆள் இல்லை, நான்கும் தோல்வி.

கேள்வி: ஈரக்காற்றில் பந்து தூரம் போகாது, அதனால் இந்த ஊர்களில் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடிப்பது) குறையும் என்கிறார்களே?

பாதி உண்மை. ஈரக்காற்று கனமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் நீராவி மூலக்கூறு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட இலேசானது. அதனால் ஈரமான சூடான காற்று அடர்த்தி குறைந்தது, பந்துக்குத் தடை கொஞ்சம் குறைவுதான். சிக்கல் பந்துக்குள் இருக்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பளி நூலும் மேல்தோலும் ஈரத்தை உறிஞ்சினால் பந்து கனத்து, மட்டையில் பட்டுத் தெறிக்கும் வேகம் குறைந்துவிடும். அமெரிக்காவின் டென்வரில் இதையே வேண்டுமென்றே செய்தார்கள். கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் இருக்கும் அந்த ஊரில் பந்து பறந்துகொண்டே இருந்ததால் 2002-இலிருந்து பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்தார்கள், 2022-இல் அங்கத்திய உச்ச லீக்கான மேஜர் லீக்கின் 30 அணிகளுக்கும் அது கட்டாயமானது. என் லீக்கிலும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி அறை என்று விதி வைத்தேன்.

கேள்வி: இந்தப் பக்கம் பேஸ்பாலுக்கு வரலாறே இல்லையே, கற்பனைக்காவது ஒரு அடிப்படை வேண்டாமா?

இல்லை என்று யார் சொன்னது தம்பி? 1954-இல் மணிலாவில் நடந்த முதல் ஆசிய பேஸ்பால் சாம்பியன்ஷிப்பில் ஜப்பானைப் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை எடுத்தது பிலிப்பைன்ஸ்! அங்கே ரிசால் நினைவு மைதானம் என்று ஒன்று இருக்கிறது. 1934 டிசம்பரில் அமெரிக்க நட்சத்திரங்கள் பேப் ரூத்தும் லூ கெரிக்கும் அங்கே ஹோம் ரன் அடித்திருக்கிறார்கள். 1945 பிப்ரவரியில் மணிலா சண்டையின்போது ஜப்பானியப் படை அதே மைதானத்தைக் கோட்டையாக மாற்றிக்கொள்ள, அமெரிக்க டாங்கிகள் உள்ளே புகுந்தன. ஒன்பது வருடம் கழித்து அதே ஊரில் பேஸ்பாலில் ஜப்பானை முந்திக் கோப்பையை வென்றிருக்கிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். பிறகு கூடைப்பந்து நாட்டையே பிடித்துக்கொண்டது. 2007-இல் பேஸ்பால் பிலிப்பைன்ஸ் என்ற லீக் தொடங்கி 2012-இல் நின்றுபோனது. ஆனாலும் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2005, 2011, 2019 தங்கம் பிலிப்பைன்ஸுக்குத்தான். நோட்டில் மணிலாவின் பேட்டர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலம் கொடுத்தது பாசத்தால் இல்லை.

கேள்வி: தாய்லாந்துக்கு அவ்வளவு பலமா? பாங்காக் இரண்டாவது வந்ததை நம்ப முடியவில்லை.

2007 தென்கிழக்கு ஆசியப் போட்டியில் சொந்த மண்ணில் தங்கம் வாங்கியவர்கள். மேஜர் லீக்கில் பெயர் வாங்கிய ஜானி டேமனின் அம்மா தாய்லாந்துக்காரர், 2012-இல் தைவானில் நடந்த உலக பேஸ்பால் கிளாசிக் தகுதிச் சுற்றில் டேமன் தாய்லாந்துக்காக ஆடினார்.

கேள்வி: தைவானையும் சேர்த்திருக்கலாமே?

அவர்களுக்கு 1990-இலிருந்து சொந்த லீக் ஓடுகிறது, 2024-இல் பிரீமியர் 12 என்ற சர்வதேசக் கோப்பையையே வென்றவர்கள். சேர்த்தால் மற்ற ஆறு அணிகளுக்கு வேலையே இருக்காது. ஆனால் அவர்களிடமிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டேன். 1990-களின் பிற்பகுதியில் ஆட்டங்களை விற்ற ஊழல் வெடித்து, சைனா டைம்ஸ் ஈகிள்ஸ் என்ற அணியே கலைந்துபோனது. மக்கள் மைதானத்துக்கு வருவதும் குறைந்தது. சம்பளம் போதாதவனை விலைக்கு வாங்குவது சுலபம், ஆகவே என் லீக்கில் சம்பளத்துக்கு ஒரு கீழ் வரம்பு உண்டு, கடைசி அணியின் கடைசி மாற்று ஆட்டக்காரனுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: அடுத்த சீசனில் என்ன மாற்றுவீர்கள்?

ஒரே ஒரு மாற்றம்தான். பத்தாவது வாரத்துக்குப் பிறகு மூன்று நாள் காலியாக விடப்போகிறேன். மழையில் போன ஆட்டம் முதலிடத்தைத் தொடுகிறது என்றால் அந்த நாளில் ஆடியே ஆக வேண்டும். கோலாலம்பூரில் இல்லை, எங்கே மழை இல்லையோ அங்கே.