இரண்டாவதும் பெண் என்று தெரிந்த நாளில் தொடங்கிய கடன்

கேள்வி: வயது 36. ஊர் திருநெல்வேலிப் பக்கம். துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சம்பளம் 12,500 திர்ஹாம். மூத்த மகளுக்கு 5 வயது. மனைவிக்கு இப்போது எட்டாவது மாதம். நம் ஊரில் ஸ்கேனில் சொல்லமாட்டார்கள், இங்கே கேட்டால் சொல்கிறார்கள். ஐந்தாவது மாதம் கேட்டோம், பெண் என்றார்கள். அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மாவும் அக்காவும் அத்தானும், ‘ரெண்டும் பொம்பளப் பிள்ளை, இப்பவே சேர்த்தாதான் உண்டு’ என்று தினமும் சொல்கிறார்கள். அத்தான் யோசனைப்படி 60,000 திர்ஹாம் பர்சனல் லோன் எடுத்து அனுப்பினேன். பன்னிரண்டரைப் பவுன் நகை எடுத்து அக்கா வீட்டில் வைத்திருக்கிறார்கள். மாதத் தவணை 1,465, மூன்று கட்டிவிட்டேன். இப்போது சின்னவளுக்கும் எட்டுப் பவுனாவது வேண்டும், இருக்கிற கடன்மேலேயே இன்னொரு 40,000 டாப்-அப் போடு என்கிறார்கள். கூடவே வருடம் 2.4 லட்சம் ரூபாய் கட்டும் குழந்தைகள் யூலிப் பாலிசி (காப்பீடும் பங்குச்சந்தை முதலீடும் கலந்தது), அம்மா முகவரியில் செல்வமகள் கணக்கு என்று சொல்கிறார்கள். பெரியவளை அடுத்த ஏப்ரலில் ஃபீஸ் குறைவான பள்ளிக்கு மாற்றினால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். போன வருடம்தான் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்த கடன் முடிந்தது. சரியான வழிதானா?

பதில்: டாப்-அப் வேண்டாம். அது ஒரு வரியில் முடிகிற பதில். ஆனால் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான் என்னை நிறுத்தின. ஒன்று, பெரியவளின் பள்ளி. இன்னொன்று, கிரகப்பிரவேசக் கடன்.

வெளிநாட்டில் பல வருடம் இருந்தவருக்கு வட்டி என்றால் என்ன, சேமிப்பு ஏன் வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியாத விஷயம் இங்கே எதுவும் இல்லை. பிரச்சினை ஒரு பழக்கம்: ஊரிலிருந்து போன் வந்ததும் வங்கிக்குப் போவது. ஒரு கடன் முடிந்த சூட்டோடு அடுத்தது. முன்பு அக்கா வீட்டு விசேஷம், இப்போது இன்னும் பிறக்காத குழந்தையின் கல்யாணம்.

ஊரில் இருந்திருந்தால் இந்தக் கடன் இப்போது வந்திருக்காது என்பதைக் கவனித்தீர்களா? இந்தியாவில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். கேட்பவருக்கே மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பது உங்கள் அம்மா தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசு ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது 1992-ல். 2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். இத்தனைக்கும் வேர், ‘பெண் என்றால் இத்தனை பவுன்’ என்ற பயம். உங்கள் வீட்டில் யாரும் அந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆசையோடுதான் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் பயம் அதே பயம்தான். துபாயில் முன்கூட்டியே தெரிந்துகொண்டது சட்டப்படி தவறில்லை. தெரிந்த விஷயம் உங்கள் வீட்டில் என்ன செய்தது என்று பாருங்கள்: அவள் பிறப்பதற்குள்ளேயே அவளைக் காரணம் காட்டி ஒரு லட்சம் திர்ஹாம் கடன் எடுக்கச் சொல்லிவிட்டது.

இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கேனில் பையன் என்று சொல்லியிருந்தால் உங்கள் மாதச் செலவில் எந்த வரி மாறும்? டயப்பர், தடுப்பூசி, விசா, பள்ளி எல்லாம் ஒன்றுதான். மாறுவது பவுன் வரி மட்டும். அது குழந்தையின் தேவையில் வராது, சொந்தக்காரர்களின் எதிர்பார்ப்பில் வருவது. 1961-லிருந்து வரதட்சணை வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம் என்பதையும் அத்தானுக்கு ஒருமுறை ஞாபகப்படுத்தலாம்.

சரி, வாங்கிய நகைக்கு வருவோம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்தால் நீங்கள் அனுப்பியது 14.4 லட்சம். நீங்கள் வாங்கியபோது பவுன் ஒரு லட்சம் என்று வைப்போம், செய்கூலி சேதாரம் சேர்த்து 12 சதவீதம், அதன்மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. அப்படியானால் ஒரு பவுன் நகை கையில் வர 1.15 லட்சத்துக்கு மேல். பன்னிரண்டரைப் பவுனுக்கு உங்கள் 14.4 லட்சமும் சரியாகப் போயிருக்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் தங்கத்தின் மதிப்பு 12.5 லட்சம். கடையை விட்டு வெளியே வந்தபோதே 1.9 லட்சம் போயிற்று. 48 மாதத் தவணையில் நீங்கள் கட்டப்போகும் வட்டி சுமார் 10,300 திர்ஹாம், அதாவது 2.5 லட்சம் ரூபாய். இரண்டையும் கூட்டினால் 4.4 லட்சம். தங்கம் இன்னும் 35 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட காசு சமம்.

ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறலாம். ஏறினாலும் உங்களுக்கு என்ன லாபம்? நீங்கள் விற்கப்போவதில்லையே. பெரியவளுக்குக் கல்யாணம் என்றால் இருபது வருடம். அப்போது இந்த மாடலை அவள் போடமாட்டாள், அழித்துச் செய்வீர்கள், மறுபடியும் சேதாரம்.

இன்னொரு விஷயம். நகை அக்கா வீட்டில் என்கிறீர்கள். பில் யார் பெயரில்? பணம் உங்களுடையது, தவணை உங்களுடையது. பில் அத்தான் பெயரில் இருந்தால் நாளைக்கு விற்கும்போது பணம் அவர் கணக்குக்குத்தான் போகும், வரிக் கணக்கும் அவர் தலையில்தான் விழும். அக்காவை நான் சந்தேகப்படவில்லை. ஒரு பில் கேட்பதற்கு சந்தேகம் தேவையில்லை.

இனி மாதக் கணக்கு. நீங்கள் அனுப்பிய விவரப்படி வாடகை 4,700, பள்ளியும் பஸ்ஸும் 1,300, வீட்டுச் சாமான் 2,200, கரண்ட், தண்ணீர், போன், பெட்ரோல் 1,100, அம்மா அப்பாவுக்கு 1,200, தவணை 1,465. மொத்தம் 11,965. மிச்சம் 535. டாப்-அப் எடுத்தால் இன்னும் ஏறக்குறைய 980 தவணை. அதாவது மாதம் 445 திர்ஹாம் துண்டு விழும், அதுவும் குழந்தை பிறக்கும் முன்பே. அந்த 445-ஐ எங்கிருந்து எடுப்பது என்று யோசித்தபோதுதான் உங்களுக்குப் பெரியவளின் பள்ளி ஞாபகம் வந்திருக்கிறது. இருபது வருடம் கழித்து அவள் கழுத்தில் போடப்போகும் நகைக்காக, இப்போது அவள் படிக்கும் பள்ளியை மாற்றப்போகிறீர்கள். உங்கள் கடிதத்தில் இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி. அந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று நினைத்துத்தானே சேர்த்தீர்கள்? அங்கேயே படிக்கட்டும்.

வங்கி தருகிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். அமீரகத்தில் 20 மாதச் சம்பளம் வரை, 48 மாதத் தவணையில், தவணை மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டாமல் கொடுக்கலாம் என்பது மத்திய வங்கி விதி. அந்த வரம்பு வங்கி எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதைத்தான் சொல்கிறது. நீங்கள் 48 மாதம் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்பது அதில் இல்லை. சம்பளத்தோடு, வேலையை விடும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியையும் எழுதிக் கொடுத்துத்தான் இந்தக் கடன் வாங்கியிருப்பீர்கள், பெரும்பாலும் அப்படித்தான். வேலை போனால் முதலில் வங்கி எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் உங்களுக்கு. வேலையிழப்புக் காப்பீடு அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம்தான், அதுவும் அதிகபட்சம் மூன்று மாதம். அடிப்படை 7,000 என்றால் 4,200. வாடகைக்கே போதாது. கட்டுமானத் துறையில் ப்ராஜெக்ட் முடிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். பிள்ளைகளுக்கு வளையல், கம்மல் என்று மூன்று பவுனை வைத்துக்கொண்டு, மிச்சம் ஒன்பதரைப் பவுனை விற்றுவிடுங்கள். உருக்கும் கழிவு போக 9.3 லட்சம் வந்தால் ஏறக்குறைய 38,700 திர்ஹாம். என்.ஆர்.ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போடும் வங்கிக் கணக்கு) போட்டு அங்கிருந்து அனுப்ப ஆடிட்டர் சான்றிதழ் கேட்பார்கள், அது பெரிய வேலை இல்லை. அதில் 5,000 பிரசவத்துக்கு ஒதுக்குங்கள். மீதி 33,700-ஐ அசலில் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டுவதற்கு 1 சதவீதக் கட்டணம் பிடிப்பார்கள், பரவாயில்லை. இன்னும் 56,800 அளவில் நிற்கும் கடன் 23,400-க்கு இறங்கும். தவணைத் தொகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அதே 1,465 இருக்கட்டும். பாக்கி 45 தவணை 17 ஆகிவிடும்.

நஷ்டத்தில் விற்பதா என்று அம்மா கேட்பார். நஷ்டம் வாங்கிய அன்றே நடந்துவிட்டது.

யூலிப் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. குழந்தை பிறக்கப்போகிறது என்ற செய்தி கிடைத்ததும் அட்டையில் பெண் குழந்தை படம் போட்ட பாலிசியோடு வந்து நிற்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வருடம் 2.4 லட்சம் என்றால் மாதம் 20,000 ரூபாய். உங்கள் மிச்சமே 13,000 ரூபாய்க்குள். ஐந்து வருடத்துக்குப் பணத்தை எடுக்கவும் முடியாது. காப்பீடு வேண்டியது சம்பாதிக்கும் உங்கள் பெயரில். நீங்கள் இல்லாமல் போனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் பாலிசி, ஒரு கோடி ரூபாய்க்கு இந்த வாரமே எடுங்கள். உங்கள் வயதில், உடல்நிலை சரியாக இருந்தால், வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் முடியும்.

பெண் குழந்தைகளுக்கான அரசு சேமிப்பான செல்வமகள் நல்ல திட்டம், 8.2 சதவீதம் வட்டி. ஆனால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகளுக்கு மட்டும். உங்கள் மகள் துபாயில் வளர்கிறாள். அம்மா முகவரியைக் காட்டித் திறப்பது பொய்த் தகவல் கொடுப்பது. பின்னால் கணக்கை மூடச் சொன்னால் வட்டியும் போய் தலைவலியும் மிஞ்சும். பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பிவிட்டால், பத்து வயதுக்குள் அப்போது திறந்துகொள்ளலாம்.

கடன் முடிந்ததும் மூன்று மாதச் செலவுக்கு வேண்டியதைத் தனியாகச் சேருங்கள். அப்புறம் ஒவ்வொரு மகளுக்கும் மாதம் 10,000 ரூபாய், வெளிநாட்டுச் சம்பளத்தைப் போடும் என்.ஆர்.இ கணக்கு வழியாக, பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டில். பெரியவளுக்கு 12 வருடம் போட்டால் நீங்கள் கட்டுவது 14.4 லட்சம், நகைக்கு அனுப்பிய அதே தொகை. 8 சதவீதம் என்றால் 24 லட்சம், 10 என்றால் 27 லட்சம் அளவில் வரும். உத்தரவாதம் இல்லை. ஆனால் அவள் கல்லூரியில் படிக்கும் வயதில் அது கையில் இருக்கும். இடையில் அழித்துச் செய்ய வேண்டியதும் இல்லை.

அத்தானிடம் என்ன சொல்வது? நீளமாக விளக்காதீர்கள். ‘வங்கியில் தரமாட்டேன் என்றுவிட்டார்கள்’ என்று பொய்யும் சொல்லாதீர்கள், வேறு வங்கி சொல்வார். ‘இனிமேல் கடன் வாங்கி அனுப்பமாட்டேன், கையில் இருப்பதில்தான் அனுப்புவேன்’ என்று ஒரே வாக்கியம். அம்மா அப்பாவுக்குப் போகும் 1,200-ஐக் குறைக்க வேண்டாம், அது வேறு கணக்கு. இதையெல்லாம் பேசும் முன் உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். இத்தனை நீளக் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

ஒதுக்கிய 5,000-ஐத் தொடாதீர்கள். துபாயில் பிறந்த குழந்தைக்கு முதல் 30 நாள் தாயின் காப்பீட்டிலேயே பாதுகாப்பு உண்டு, அதற்குள் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் வாங்கி 120 நாளுக்குள் விசா எடுக்க வேண்டும், தாண்டினால் அபராதம். பிரசவச் செலவில் காப்பீட்டு வரம்பு எவ்வளவு, உங்கள் பங்கு எத்தனை சதவீதம், சிசேரியன் என்றால் எவ்வளவு என்று நாளைக்கே ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுண்டரில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.