சம்பளத்தைக் கூட்டுகிறார்கள் என்பதற்காக நின்றுவிடாதீர்கள்

வணக்கம். நான்கு ஆண்டு பத்து மாதம் உழைத்த இடத்தில், ராஜினாமா கொடுத்த மறுநாளே 30 சதவீதம் கூட்டித் தருகிறோம் என்கிறார்கள், நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பதிவில் சம்பளம் ஒரே வரியில் வருகிறது. நீங்கள் தொழில் பழக்கிய பையனையே உங்களுக்கு மேலாளராக்கியதைப் பற்றித்தான் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் கிளப்புவது அந்த வலி. பணம் அதற்கு மருந்தாகாது. நானும் ஒருமுறை இப்படி நின்றேன். ஏழே மாதத்தில் மறுபடி வேலை தேடினேன், ஏனென்றால் மேலாளரும் மாறவில்லை, என் மேசைக்கு வரும் வேலையும் மாறவில்லை. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

கிளம்புங்கள். ஆனால் அவசரப்பட்டு முன்கூட்டியே விடுவிக்கக் கேட்காதீர்கள். மூன்று மாத நோட்டீஸை முழுதாக முடித்தால் ஐந்து ஆண்டு நிறைந்துவிடும், ஐந்து ஆண்டு உழைத்தவர் விலகும்போது நிறுவனம் தரவேண்டிய பணிக்கொடையை (கிராஜுவிட்டி) யாரும் மறுக்க முடியாது. ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கு, சின்னத் தொகை அல்ல. வருங்கால வைப்பு நிதியை எடுத்துவிடாமல் புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.