கப்பல் மாடலுக்கு எந்தக் கயிறு?

கேள்வி: விக்டரி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாடலை 1:100 அளவில் செய்கிறேன். கிட்டில் வந்த வெள்ளைப் பருத்தி நூல் பிசிர் பிசிராக இருக்கிறது. நைலான் வாங்கலாமா?

பதில்: நைலான் வேண்டாம். இழுத்துக் கட்டும்போது நீளும், முடிச்சும் வழுக்கும். பாலியஸ்டர் நூல் வாங்குங்கள், பிசிரும் குறைவு, ஈரக்காற்றிலும் அவ்வளவாகத் தளராது. லினன்தான் அசலுக்கு நெருக்கம் என்று சிலர் பிடிவாதமாகச் சொல்வார்கள். நல்ல லினன் கிடைத்தால் சரி, ஆனால் இப்போது கிடைப்பதில் பாதி முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கிறது.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1765-ல் கடலில் இறங்கிய அந்தக் கப்பலில் இருந்தது ஹெம்ப் என்ற செடியின் நாரில் திரித்த கயிறு. பாய்மரத்தை அசையாமல் பிடித்து நிறுத்தும் கயிறுகளுக்குத் தார் ஏற்றுவார்கள், அதனால் அவை கரும்பழுப்பு. பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. தூய வெள்ளை எங்கேயும் கிடையாது.

அப்புறம் தடிமன். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கயிற்றின் அளவைச் சுற்றளவில்தான் சொல்லும். 10 அங்குலக் கயிறு என்று வரைபடத்தில் இருந்தால் விட்டம் ஏறக்குறைய 81 மி.மீ., உங்கள் மாடலில் 0.8 மி.மீ. நூல். இதை விட்டமென்று நினைத்து என் முதல் கப்பலில் மூன்று மடங்கு தடிமனாகக் கட்டித் தொலைத்தேன், தேர் வடம் மாதிரி இருந்தது!

பருத்தியை வீணாக்க மனமில்லை என்றால், தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்து, விரலால் உருவிவிடுங்கள், பிசிர் படிந்துவிடும். முடிச்சுக்கு சூப்பர் க்ளூ வேண்டாம், அந்த இடம் கறுத்து விறைத்துப்போகும். தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு சொட்டு போதும்.